3608528850368400786036725: ஒரே ஒரு நம்பர் பத்தி நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

இந்த 25 இலக்க நம்பரைப் பத்தி ஒரு ஃபார்வர்டு சிங்கப்பூர்ல நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வந்திருக்கு, எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க. 1-ல இருந்து 25 வரைக்கும் எல்லா எண்ணாலயும் வகுபடுற அதிசய எண்ணுன்னு அதுல போட்டிருக்கு. அது தப்பு. ஆனா நம்பர் உண்மையிலேயே அருமையான நம்பர், நான் இருபது வருஷத்துக்கும் மேல கணக்கு டியூஷன் எடுக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச நம்பர்ல இதுவும் ஒண்ணு. அதனால கேள்வி எல்லாம் ஒரே இடத்தில அனுப்புங்கன்னு சொன்னேன், வந்ததுக்கெல்லாம் இங்க எழுதுறேன்.

தெம்பனிஸ்ல இருந்து ஒரு அம்மா: டீச்சர், ஃபார்வர்டைப் பார்த்துட்டு என் மக முதல்ல 2-ஆல வகுத்துப் பார்த்தா. நம்பர் 5-ல முடியுது, எப்படி 2-ஆல போகும்னு கேக்குறா. என்ன பதில் சொல்றது?

உங்க மக சரியாத்தான் கேட்டிருக்கா, அவகிட்ட முதல்ல அதைச் சொல்லுங்க. முழு நம்பர் 2-ஆலயும் வகுபடாது, 3-ஆலயும் வகுபடாது (இலக்கம் எல்லாத்தையும் கூட்டினா 110 வரும், அது 3-க்கு வராது). 1-ல இருந்து 25 வரைக்கும் எல்லாத்தாலயும் வகுபடுற நம்பர் வேணும்னா அதுல சின்னது 26771144400, வெறும் 11 இலக்கம்தான், அதோட மடங்கு ஒவ்வொண்ணும் அப்படித்தான், கணக்கில்லாம இருக்கு, அதுல அதிசயம் ஒண்ணுமில்ல.

நம்ம நம்பரோட சங்கதி வேற. இடது பக்கத்தில இருந்து ஒவ்வொரு இலக்கமா திறந்துகிட்டே வாங்க. முதல் இலக்கம் 3, அது 1-ஆல வகுபடும். முதல் ரெண்டு, 36, அது 2-ஆல வகுபடும். முதல் மூணு 360, 3-ஆல. 3608 நாலால, 902 வரும். 36085 அஞ்சால. 360852 ஆறால. 3608528 ஏழால, 515504 வரும், மீதியே இல்ல. இப்படியே எத்தனை இலக்கம் எடுத்தீங்களோ அந்த எண்ணிக்கையால அது சுத்தமா வகுபடும், 25 வரைக்கும். கடைசியில 25 இலக்கமும் சேர்ந்து 25-ஆல வகுபடுது, அது பார்க்கிறது ரொம்ப ஈஸி, 25-ல முடியுது இல்லையா. இந்த மாதிரி நம்பருக்கு பாலிடிவிசிபிள் நம்பர்னு பேரு.

உயர்நிலை 2 மாணவன், ஈசூன்: அக்கா 2, 3, 4, 5, 6, 8, 9, 10 எல்லாம் ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க, 7-க்கும் 13-க்கும் ரூல் இல்லையே, கால்குலேட்டர் இல்லாம எப்படி செக் பண்றது?

ரூல் இருக்கு தம்பி, 7, 11, 13 மூணுக்கும் ஒரே ரூல். 7 × 11 × 13 எவ்வளவுன்னு போட்டுப் பாரு, 1001 வரும். அது 1000-க்கு ஒண்ணு தள்ளி இருக்கிறதுனால, நம்பரை வலது பக்கத்தில இருந்து மூணு மூணு இலக்கமா வெட்டி, முதல் துண்டைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அதுக்கடுத்ததைக் கூட்டு, இப்படி மாத்தி மாத்திப் போனா வர்ற சின்ன நம்பர் 7-ஆல வகுபட்டா பெரிய நம்பரும் வகுபடும், 11-க்கும் 13-க்கும் அதே கதைதான்.

3608528-ஐ வெட்டினா 528, 608, 3. 528 − 608 + 3 = −77. 77 ஏழாம் வாய்ப்பாட்டில இருக்கு, முடிஞ்சது. 13-ஆவது இலக்கத்துக்கு வா: 3608528850368. துண்டு 368, 850, 528, 608, 3. 368 − 850 + 528 − 608 + 3 = −559, அது 43 × 13. 14-க்கு ரெட்டைப்படையான்னு பாரு, அப்புறம் 7-க்கு இதே வேலை. 21-க்கு 3-உம் 7-உம்.

22-ஐ நீயே போட்டுப் பாக்கணும், ரொம்ப அழகா வரும். 11-க்கு இன்னொரு வழி இருக்கு இல்ல, ஒண்ணு விட்டு ஒண்ணு இலக்கத்தைக் கூட்டுறது, ரெண்டு கூட்டலுக்கும் வித்தியாசம் 0 இல்லன்னா 11-இன் மடங்கா இருந்தா வகுபடும். முதல் 22 இலக்கத்தில ஒத்தைப்படை இடத்தில இருக்கிறதெல்லாம் கூட்டினா 48, ரெட்டைப்படை இடத்தில இருக்கிறதெல்லாம் கூட்டினா அதுவும் 48. முதல் தடவை நான் எம்ஆர்டி ரயில்ல உக்காந்து இதைப் போட்டப்போ எங்கயோ தப்புப் பண்ணிட்டோம்னு நினைச்சு திரும்பக் கூட்டினேன், அதே 48தான்.

அதே மாணவன்: அப்ப 17, 19, 23-க்கு?

இதுக்குத் தந்திரம் தேவையில்ல, மீதியைத் தூக்கிட்டுப் போனா போதும். கையில இருக்கிற மீதியை 10-ஆல பெருக்கு, அடுத்த இலக்கத்தைக் கூட்டு, 17-ஆல வகு, புது மீதியை வச்சுக்கோ. 3-ல ஆரம்பி. 36, மீதி 2. அடுத்து 20, மீதி 3. அடுத்து 38, மீதி 4. அடுத்து 45, மீதி 11. இப்படியே போ, மூணு இலக்கத்துக்கு மேல பெரிய வேலை எதுவும் வராது, அதிகபட்சம் 169 வரைக்கும் வரும் அவ்வளவுதான். 16 இலக்கம் முடியுறப்போ கையில மீதி 1 நிக்கும். 17-ஆவது இலக்கம் 7. 10 கூட 7, 17. சரியா போச்சு. 19-க்குப் போட்டா 18 இலக்கம் முடிஞ்சு மீதி 7, அடுத்த இலக்கம் 6, 76, அது நாலு பத்தொன்பது. 23-க்கு 22 இலக்கம் முடிஞ்சு மீதி 20, அடுத்தது 7, 207, அது ஒன்பது இருபத்திமூணு. மூணையும் தாள்ல போட்டுப் பாரு தம்பி, பாதியில விட்டுடாத, கடைசிப் படியில அது வந்து பொருந்துறதைப் பார்க்கிறதுக்குத்தான் இவ்வளவு தூரம் போறது.

பொங்கோல்ல இருந்து ஒருத்தர்: ஏன் 25-ல நின்னுடுச்சு? 26-ஆவது இலக்கம் ஒண்ணு சேர்த்துப் போக முடியாதா?

வந்த கேள்வியிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

ஒரு நம்பருக்குப் பின்னாடி ஒரு இலக்கம் சேர்க்கிறீங்கன்னா 0-ல இருந்து 9 வரைக்கும் பத்து சாய்ஸ் இருக்கு, அதாவது அடுத்தடுத்து வர்ற பத்து எண்கள். பத்து எண்ணு வரிசையா நின்னா அதுல 7-இன் மடங்கு ஒண்ணாவது இருந்தே தீரும், 8-க்கும் அப்படித்தான், 9-க்கும் 10-க்கும் அப்படித்தான். அதனால 10 இலக்கம் வரைக்கும் யாரும் மாட்டிக்கவே மாட்டாங்க, எந்த பாலிடிவிசிபிள் நம்பரை எடுத்தாலும் கண்டிப்பா 10 இலக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிடலாம். 11 வந்ததும் அந்த உத்தரவாதம் போயிடுது. 11 எண்ணுக்கு ஒரு தடவைதான் மடங்கு வரும், நம்மகிட்ட பத்து சீட்டுதான் இருக்கு. பதினொண்ணுல ஒரு பங்கு அங்கேயே செத்துப்போகும்னு தோராயமா எடுத்துக்கலாம். 17-க்கு வர்றப்போ 17-ல 7 பங்கு போயிடும். 20-க்கு வந்தா பாதிக்குப் பாதி.

இப்ப 26-க்கு வாங்க. நம்ம நம்பருக்குப் பின்னாடி ஒரு 0 போட்டு 26-ஆல வகுத்தா மீதி 12 வரும். 26 நிரம்பணும்னா இன்னும் 14 கூட்டணும். ஆனா ஒரே இலக்கமா 14-ஐ எழுத முடியாது, 9 வரைக்கும்தான் இருக்கு. அஞ்சு எண்ணு தள்ளிப்போச்சு, அங்க கதவு சாத்திடுச்சு.

அதே பொங்கோல் நண்பர்: சரி, இந்த நம்பர் நின்னுடுச்சு. வேற எதாவது நம்பர் 26, 27-னு போகாதுன்னு எப்படி அடிச்சு சொல்றீங்க?

எல்லாத்தையும் ஒண்ணு விடாம எண்ணியாச்சு, அதனால சொல்ல முடியுது. ஒரு மரம் மாதிரி நினைச்சுக்கோங்க. வேர்ல 1-ல இருந்து 9 வரைக்கும் ஒன்பது பேர். ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி வரக்கூடிய ரெட்டைப்படை இலக்கம் அஞ்சு, அதனால ரெண்டு இலக்கத்தில 45 பேர். மூணு இலக்கத்தில 150, நாலுல 375, அஞ்சுல 750, ஆறுல 1200. அப்படியே பெருகி 9 இலக்கத்தில 2492. 10 இலக்கத்திலயும் அதே 2492, ஏன்னா பின்னாடி 0 ஒண்ணைத்தான் போட முடியும், ஒருத்தருக்கு ஒரே பிள்ளை. அதுக்கப்புறம் இறக்கம்தான். 11-ல 2225, 15-ல 770, 20-ல 44, 21-ல 18, 22-ல 12, 23-ல 6, 24-ல 3, 25-ல 1. 26-ல யாருமில்ல. மொத்தம் 20456 நம்பர், அதோட இந்தக் குடும்பம் முடிஞ்சது.

24 இலக்கத்தில மிஞ்சின மூணு பேரையும் எழுதுறேன், பார்த்தா உங்களுக்கே புரியும்:

144408645048225636603816
360852885036840078603672
402852168072900828009216

25-ஆல வகுபடணும்னா கடைசி ரெண்டு இலக்கம் 00, 25, 50, 75 இந்த நாலுல ஒண்ணா இருக்கணும். முதல் நம்பரும் மூணாவது நம்பரும் 6-ல முடியுது. 6-க்குப் பின்னாடி எதைப் போட்டாலும் அறுபது சொச்சம்தான், 25-இன் மடங்கு அங்க ஒண்ணுகூட கிடையாது. நடுவுல இருக்கிறது 2-ல முடியுது, ஒரு 5 சேர்த்தா 25. கடைசிப் படியில ஜெயிச்சதுக்கு அவ்வளவுதான் காரணம், 24 படியைத் தாண்டி வந்த மத்த ரெண்டும் ஒரு 6-னால நின்னுபோச்சு. எனக்கு அந்த ரெண்டு நம்பரைப் பார்த்தா இன்னமும் மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும்.

ஜூரோங், ஐடி வேலை: அக்கா நான் ஒரு லூப் போட்டு 25 இலக்க நம்பர் எல்லாத்தையும் ஓட்டிப் பார்க்கலாம்னு நினைச்சேன். ராத்திரி ஓடவிட்டா முடிஞ்சுடுமா?

முடியாது தம்பி. 25 இலக்க நம்பர் மொத்தம் 9-க்குப் பின்னாடி 24 சைபர். ஒரு செகண்டுக்கு 100 கோடி நம்பர் பார்த்தாலும் சுமார் 28 கோடி வருஷம் ஆகும். மரம் ஏறுற வழியில போங்க. செத்த கிளைக்குக் கீழ போகவே கூடாது. மொத்தம் 20456 பேர்தான், ஒவ்வொருத்தருக்கும் பத்து இலக்கம் போட்டுப் பார்க்கிறது, ரெண்டு லட்சத்து சொச்சம் செக்கிங், பழைய லேப்டாப்லகூட கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண 64 பிட் இன்டிஜர்ல போட்டீங்கன்னா 18 இலக்கம் வரைக்கும் எல்லாம் ஒழுங்கா வரும், 19 இலக்கத்தில 9-ல ஆரம்பிக்கிற பெரிய நம்பர் சிலதும் 20 இலக்கத்தில எல்லாமும் கொள்ளாம சத்தமில்லாம தப்புத் தப்பா விடை வரும், எரர்கூட காட்டாம போகலாம். அதோட உச்சம் 9223372036854775807, நம்ம நம்பரோட முதல் 20 இலக்கம் அதைவிடப் பெருசு. பைத்தான்ல போட்டா இந்தத் தொல்லை இல்ல. வேற மொழின்னா இலக்கத்தை வரிசையா ஒரு அரேல வச்சுக்கிட்டு, மேல ஈசூன் தம்பிக்குச் சொன்ன மாதிரி மீதியை மட்டும் தூக்கிட்டுப் போங்க.

செங்காங்: எக்செல்ல நம்பரை டைப் பண்ணா பின்னாடி எல்லாம் சைபரா மாறிடுது, நம்பர்ல தப்பா?

எக்செல் 15 இலக்கம்தான் ஞாபகம் வச்சிருக்கும், அதுக்கு மேல இருக்கிறதை 0 ஆக்கிடும். 360852885036840 வரைக்கும் நிக்கும், மிச்சம் போயிடும். டெக்ஸ்ட்டா போட்டா அப்படியே இருக்கும், ஆனா வகுக்க முடியாது. இதுக்குத் தாளும் பேனாவும்தான் நல்லது.

ஜேசி (ஜூனியர் காலேஜ்) மாணவி, பிஷான்: டீச்சர், 20456-ஐ எண்ணாமலே தோராயமா கண்டுபிடிக்க வழி இருக்கா? எண்ணித்தான் ஆகணுமா?

இருக்குமா, அதுவும் நீ இப்ப படிக்கிற பாடத்திலேயே இருக்கு. ஒவ்வொரு படியிலயும் பத்து பிள்ளைங்கள்ல சராசரியா எத்தனை பேர் பிழைப்பாங்க? 7-ஆவது படின்னா பத்தில ஏழுல ஒரு பங்கு, அதாவது 10/7. அப்ப 9-ல ஆரம்பிச்சு 10/2, 10/3, 10/4-னு பெருக்கிட்டே போனா ஒவ்வொரு படிக்கும் ஒரு மதிப்பீடு கிடைக்கும். கீழ ஃபேக்டோரியல் (1 × 2 × 3-னு பெருக்கிட்டே போறது) வந்துடுச்சு, மேல 10-இன் அடுக்கு வந்துடுச்சு, இதை எல்லாம் கூட்டினா எந்தத் தொடர்னு உனக்கே தெரியும். 2.71828-னு ஆரம்பிக்கிற எண் இருக்கு இல்லையா, அதோட பத்தாவது அடுக்கு. அது சுமார் 22026. அதுல 1 கழிச்சு 0.9-ஆல பெருக்கினா 19823.

உண்மையான எண்ணிக்கை 20456! வெறும் சராசரியை வச்சுப் போட்ட கணக்கு நூத்துக்கு மூணு பக்கம்தான் தள்ளி இருக்கு. 10-ஆவது படிக்கு மதிப்பீடு 2480, உண்மை 2492. 25-ஆவது படிக்கு மதிப்பீடு 0.58, அதாவது ஒருத்தர் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமயும் போகலாம். இருந்துச்சு. 26-க்கு 0.22, அங்க இல்ல. நம்ம நம்பர் இருக்கிறதுக்கு ஆழமான காரணம்னு எதுவும் கிடையாது, ஒரு கிளை கொஞ்சம் அதிர்ஷ்டத்தில நீண்டுச்சு. ஆனா இந்தக் குடும்பம் மொத்தம் இருபதாயிரம் பக்கம் இருக்கும், இருபது சொச்சம் இலக்கத்தில முடியும், இதுக்குக் காரணம் இருக்கு, அதைத்தான் நீ இப்ப பார்த்த. இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கப் பழகிக்கோமா, பரீட்சையில கேக்கமாட்டாங்க ஆனா கணக்கில ரொம்ப முக்கியம்.

தோ பாயோ, ஒரு பெரியவர்: ஏம்மா, இந்த நம்பரைத் தமிழ்ல எப்படி வாசிக்கிறது? எவ்வளவு பெருசுன்னும் சொல்லு.

ஐயா, கோடி கணக்குல ஏழு ஏழு இலக்கமா வெட்டி வாசிக்கலாம். மூவாயிரத்து அறுநூத்தி எட்டு கோடி கோடி கோடி, அப்புறம் அம்பத்திரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூத்தி மூணு கோடி கோடி, அப்புறம் அறுபத்தெட்டு லட்சத்து நாப்பதாயிரத்து எழுபத்தெட்டு கோடி, அப்புறம் அறுபது லட்சத்து முப்பத்தாறாயிரத்து எழுநூத்தி இருபத்தஞ்சு. பூமியோட எடை கிட்டத்தட்ட 6-க்குப் பின்னாடி 24 சைபர் கிலோ, அதனால இந்த நம்பரை கிலோன்னு வச்சுக்கிட்டா பூமியில அஞ்சுல மூணு பங்கு.

தேக்கா: அக்கா முதல் நாலு 3608. இந்த வாரம் ஃபோர்டி (4D, நாலு இலக்க லாட்டரி) எடுக்கலாமா?

எடுக்கிறதுக்கு இது காரணமே இல்லண்ணே. நாலு இலக்க பாலிடிவிசிபிள் நம்பர் 375 இருக்கு, 3608-க்கு விழுற வாய்ப்பும் வேற எந்த நாலு இலக்க நம்பருக்கு விழுற வாய்ப்பும் ஒண்ணேதான், முதல் பரிசுக்குப் பத்தாயிரத்தில ஒண்ணு. காசை வீட்டில வச்சுக்கோங்க.

அங் மோ கியோ, தொடக்கப்பள்ளி ஆசிரியை: பிள்ளைகளுக்கு 25 இலக்கம் ரொம்ப அதிகம். சின்னதா, ஆனா யோசிக்க வைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்.

இதே குடும்பத்தில ஒரு ரத்தினம் இருக்கு: 381654729. 1-ல இருந்து 9 வரைக்கும் ஒவ்வொரு இலக்கமும் ஒரே ஒரு தடவை வரணும், படிப்படியா வகுபடவும் வேணும், அப்படி ஒண்ணே ஒண்ணுதான் உண்டு. இதை கம்ப்யூட்டர் இல்லாம பிள்ளைங்களே கண்டுபிடிச்சுடலாம், நான் எத்தனையோ தடவை வகுப்பில செஞ்சு பார்த்திருக்கேன், ஒரு மணி நேரம் ஒருத்தரும் ஃபோனைத் தொடமாட்டாங்க.

விடையை முதல்ல காட்டாதீங்க, ஒன்பது காலிக் கட்டம் மட்டும் வரைஞ்சு குடுங்க. 5-ஆவது இடம் 5 தான், 0 கிடையாதே. 2, 4, 6, 8-ஆவது இடத்தில ரெட்டைப்படை வரணும், நாலு ரெட்டைப்படையும் அங்க போயிடும், மிச்ச இடத்தில ஒத்தைப்படை. 4-ஆல வகுபட 3-ஆவதும் 4-ஆவதும் சேர்ந்த எண்ணைப் பார்க்கணும், 3-ஆவது ஒத்தைப்படைங்கிறதுனால 4-ஆவது 2 அல்லது 6 மட்டும்தான் (12, 16, 32, 36 இந்த மாதிரி). இப்ப ஒரு நல்ல திருப்பம் வருது. முதல் மூணு இலக்கத்தோட கூட்டுத்தொகை 3-ஆல வகுபடும், முதல் ஆறோடதும் வகுபடும், அப்ப நடு மூணோடதும் வகுபட்டே ஆகணும். நடுவுல 5 இருக்கு. 4-ஆவது 2-ன்னா 6-ஆவது 8, 4-ஆவது 6-ன்னா 6-ஆவது 4. ஆக நடு மூணு 258 இல்லன்னா 654. வேற வழியே கிடையாது.

8-ஆவது இடமும் 4-ஆவது மாதிரியேதான், 2 அல்லது 6. அதனால 258-ன்னா 8-ஆவது 6, மிஞ்சின 4 ரெண்டாவது இடத்துக்கு. 654-ன்னா 8-ஆவது 2, மிஞ்சின 8 ரெண்டாவது இடத்துக்கு. அப்புறம் 8-ஆல வகுபடுறதை வச்சு 7-ஆவது இலக்கத்தையும், 3-ஆல வகுபடுறதை வச்சு 1-ஆவது, 3-ஆவது இலக்கத்தையும் சுருக்கினா மொத்தம் பத்தே பத்து நம்பர் மிஞ்சும். 258 பக்கம் ரெண்டு: 147258963, 741258963. 654 பக்கம் எட்டு. 9-ஐப் பத்திக் கவலையே வேணாம், 1-ல இருந்து 9 வரைக்கும் கூட்டினா 45, தானா வகுபடும். மிச்சம் இருக்கிறது 7 மட்டும்தான். பத்து பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்து முதல் ஏழு இலக்கத்தை 7-ஆல வகுக்கச் சொல்லுங்க. ஒன்பது பேருக்கு மீதி வரும், ஒரே ஒருத்தருக்கு 545221 வந்து மீதி இல்லாம நிக்கும். அந்தப் பிள்ளை முகத்தைப் பாருங்க டீச்சர்.

உட்லண்ட்ஸ்: ரெண்டு பக்கம் இருந்து வாசிச்சாலும் ஒரே மாதிரி வர்றது இதுல இருக்கா? ரெட்டைப்படை மட்டும் வர்றது?

ரெண்டும் இருக்கு. 30000600003, 11 இலக்கம், முன்னும் பின்னும் ஒண்ணேதான். 48000688208466084040, 20 இலக்கம், எல்லாம் ரெட்டைப்படை. மேல சொன்ன வழியில 17-ஐயும் 19-ஐயும் இதுல போட்டுப் பாருங்க.

புக்கிட் பாத்தோக், பாலிடெக்னிக் மாணவர்: பைனரில இந்த மாதிரி எவ்வளவு தூரம் போகும்?

ரெண்டு இலக்கத்தோட சரி. 1, அப்புறம் 10 (அதாவது ரெண்டு). மூணாவது இலக்கம் போட்டா நாலு இல்லன்னா அஞ்சு, ரெண்டுமே 3-ஆல வகுபடாது. கையில ரெண்டு சீட்டுதான், 3-லயே மாட்டிக்கிச்சு. நமக்குப் பத்து விரல் இருந்து பத்து இலக்கம் வச்சதுனாலதான் 25 வரைக்கும் வந்தோம்.

பெயர் வேணாம்னு சொன்ன ஒருத்தர்: இதனால என்ன பிரயோஜனம்? இவ்வளவு நேரம் செலவு பண்ற அளவுக்கு என்ன இருக்கு?

இந்த நம்பரை வச்சு எந்த இயந்திரமும் ஓடல, அது உண்மை. ஆனா செத்த கிளையை வெட்டிட்டு அடுத்ததுக்குப் போற அந்த வழி இருக்கு பாருங்க, சுடோகு போடுற புரோகிராம்ல இருந்து பள்ளிக்கூடத்து டைம்டேபிள் போடுறது வரைக்கும் அதுதான் வேலை செய்யுது. எனக்கு இதுல பிடிச்சது வேற. இதுல எதையும் நீங்க என்னை நம்பி ஏத்துக்க வேண்டியதில்ல. ஒரு தாள், பேனா, அரை மணி நேரம், 25 படியையும் உங்க கையாலேயே சரிபார்த்துடலாம். ஃபார்வர்டுல வந்ததைத் தெம்பனிஸ் பொண்ணு ஒரே நிமிஷத்தில தப்புன்னு கண்டுபிடிச்சா இல்லையா, அந்த மாதிரி.

தொடக்கநிலை 4, சுவா சூ காங் (அப்பா ஃபோன்ல இருந்து): ஆன்ட்டி, எங்க புளோக் கார்பார்க்ல கார் நம்பர் எல்லாம் பார்த்தேன், 3608 இல்ல. வேற எந்த நம்பர் தேடலாம்?

3608 மட்டும்தான்னு இல்லடா செல்லம், 375 நம்பர் இருக்கு. நாலு இலக்க நம்பர்ல 24-க்கு ஒண்ணு அப்படி இருக்கும், அதனால ஒரு மாடி கார்பார்க் சுத்தி வந்தாலே ரெண்டு மூணு மாட்டும். எப்படிப் பார்க்கணும்னா, ரெண்டாவது இலக்கம் ரெட்டைப்படையா? இல்லன்னா அடுத்த காருக்குப் போயிடு. முதல் மூணையும் கூட்டு, மூணாம் வாய்ப்பாட்டில வருதா? கடைசி ரெண்டும் நாலாம் வாய்ப்பாட்டில வருதா? மூணும் சரின்னா நோட்டுல எழுதிக்கோ. 1236 சரியா வரும். 1234 வராது, ஏன்னு நீயே பாரு. அப்புறம் நம்பருக்குப் பின்னாடி ஒரு எழுத்து இருக்கும் இல்ல, அது சும்மா போட்டது கிடையாது, முன்னாடி இருக்கிற எழுத்தையும் இலக்கத்தையும் ஒவ்வொண்ணா ஒரு எண்ணால பெருக்கிக் கூட்டி 19-ஆல வகுத்து வர்ற மீதியை வச்சுத்தான் அந்த எழுத்தைப் போடுறாங்க. வண்டி வர்ற வழியில நின்னு எழுதாத, அப்பா கையைப் பிடிச்சுக்கோ.